இருபது நிமிஷத்துக்கு முன்னால்

எண்பத்தேழாவது அத்தியாயத்துக்குப்
பணம் இல்லை என்றார் தயாரிப்பு நிர்வாகி.
பல்லவர் காலம் போக முடியாது,
ஈட்டி வாடகை ஏறிவிட்டது.
வெள்ளைக்காரன் காலமும் வேண்டாம்,
குதிரைக்குக் கொள்ளு, குதிரைக்காரருக்கு பிரியாணி,
போன மாதப் பாக்கியே நிற்கிறது.
எதிர்காலம் என்றால் கிராபிக்ஸ் பையன்
போனை எடுப்பதில்லை.
"இருக்கிற செட்டுல, இருக்கிற சட்டையில
எவ்ளோ தூரம் பின்னால போலாம்?"
யோசித்துச் சொன்னேன்:
"இருபது நிமிஷம்."
"போதும். எழுதுங்க."

இப்படித்தான்
ஊழிக்காலம் வரை போய்
உலகைக் காத்துவிட்டு வந்த நாழிகைநாதன்
ஒரு புதன்கிழமை
சாலிகிராமத்து வாடகை வீட்டு மொட்டைமாடியில்
ஒன்பது இருபதிலிருந்து
ஒன்பதுக்குப் போனான்.

கதை இவ்வளவுதான்.
பிரளய யந்திரத்தின் சாவியை
எங்கோ வைத்துவிட்டான்.
ஒன்பது மணிக்குக் கையில் இருந்தது.
போய்ப் பார்த்தால்
ஒன்பது மணி நாழிகைநாதன்
டிபன் வரிசையில், கடைசி வடைக்கு நேரெதிரே.
"அது என் வடை. நான் சாப்ட்டாச்சு."
"நான் இன்னும் சாப்பிடவே இல்லையே,
அதுக்குள்ள எப்படி உன் வடை?"

எழுதும்போது நன்றாகத்தான் இருந்தது.
ஒரே முகத்தை இரண்டாகக் காட்ட
கிராபிக்ஸ் பையன் வேண்டும் என்பது
மேக்கப் முடிந்த பிறகுதான் உறைத்தது.
இயக்குநர் சுற்றுமுற்றும் பார்த்தார்.
தண்ணீர்த் தொட்டி ஓரம்
முழங்கால் சிராய்ப்புக்கு டிஞ்சர் தடவிக்கொண்டிருந்தான்
டூப் போடும் அற்புதராஜ்.

எண்பத்தாறு வாரமாக
நாழிகைநாதனின் முதுகு அவன்.
மாடியிலிருந்து குதிப்பது அவன்,
கண்ணாடியில் புகுந்து வெளிவருவது அவன்.
எழுந்து திரும்பும் முகம் மட்டும்
வருண்கேசவன் சாருடையது.
வியாசர்பாடியில் அவன் மகள்
"அதோ எங்கப்பா முதுகு" என்று டிவியைக் காட்டினால்
பக்கத்து வீட்டுப் பிள்ளைகள்
முதுகுக்கு ஆதாரம் கேட்கிறார்களாம்.

இருவருக்கும் ஒற்றுமை தோள் அகலம்தான்.
மூக்கு வேறு, மீசை வேறு,
அவனுக்கு முன்பல் ஒன்று கிடையாது.
நாற்பத்தோராம் அத்தியாயம், தண்ணீர் லாரி.

டீ கிளாஸை நகர்த்திவிட்டு
அட்டையின் பின்பக்கம் ஒரு வரி எழுதினேன்.
வருண்கேசவன் சார் அவனை
மேலும் கீழும் பார்த்துச் சொன்னார்:
"இருபது நிமிஷத்துக்கு முன்னாடி
நான் இப்படியா இருந்தேன்?"

அந்த இடத்தில் அற்புதராஜுக்கு வசனம் இல்லை.
முறைத்தால் போதும் என்று சொல்லியிருந்தோம்.
அவன் முறைக்கவில்லை.
பல் போன சந்தில் காற்று விசிலடிக்கச் சொன்னான்:
"ஆமா நைனா.
அப்போதான் உன் அடியெல்லாம்
நான் வாங்கிக்கினு வந்தேன்."

லைட்காரர் சிரித்ததில் நிழல் ஆடியது.
மைக் சாம்பாரில் விழுந்தது.
இயக்குநர் கட் சொல்ல மறந்து
கண்ணைத் துடைத்துக்கொண்டார், சிரிப்பில்தான்.
வருண்கேசவன் சார் மட்டும்
இன்னொரு டேக் போகலாமா என்றார்.
நான்கு டேக், நான்கு வடை.
கடைசி இரண்டும் என் கணக்கில் வாங்கியவை.
சாவி எங்கே இருந்தது என்கிறீர்களா?
வடை ஓட்டையில்.
தர்க்கம் கேட்பவர்களுக்கு
வேறு சேனல் இருக்கிறது.

முதல் டேக்கையே வைத்தார்கள்.
ஞாயிறு இரவு ஒன்பதரைக்கு ஒளிபரப்பு.
ஒன்பது நாற்பதுக்கு
வியாசர்பாடியில் கரண்ட் போய்விட்டது.

"சார், ஒரு இருபது நிமிஷம்
பின்னால போவ முடியாதா?"
நாளைக் காலை பதினொன்றுக்கு மறுபடி வரும் என்றேன்.
பாப்பாவுக்கு ஸ்கூல், அவனுக்கு ஈசிஆரில்
கார் மேல் உருளுகிற வேலை.
போனில் பார்க்கலாமே என்றேன்.
போன் கண்ணாடி சுக்குநூறாம்.
கேட்காமலே தெரிந்தது,
அறுபத்திரண்டாம் அத்தியாயம்.

கொஞ்ச நேரம் இரண்டு பேரும் பேசவில்லை.
பின்னால் அந்தப் பிள்ளையின் குரல்:
"முதுகு வந்துச்சுப்பா. திரும்ப சொல்லோதான்
ஆஃப் ஆயிடுச்சு."
அப்புறம் யாரோ
மெழுகுவத்தி எங்கே என்று கேட்டார்கள்.